பரிசுப் பட்டியலில் இடம்பெறாத பிள்ளைகள்

புலம்பெயர்ந்து வாழும் எமது வீடுகளில் பிள்ளைகளின் கல்விச் செய்தியைப் போல ஆவலுடன் வாசிக்கப்படும் செய்தி பிறிதில்லை. தாயகச் செய்திகளைப் பார்த்து முடித்த கண்கள் அடுத்து நாடுவது சமூகச் செய்திப் பக்கத்தையே. எவருடைய மகள் கிம்னாசியத்திற்குத் தெரிவானாள், எவருடைய மகன் கணிதப் போட்டியிற் பரிசு பெற்றான், எவருடைய பிள்ளை தமிழ்ப் பரீட்சையிற் சிறப்புச் சித்தி எய்தியது என்பவற்றை அறிந்து மகிழ்கிறோம். அயல்வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைத் தம் பிள்ளைக்கு உரத்து வாசித்துக் காட்டும் பெற்றோரும் எம்மிடையே உளர்.

ஆயினும் ஒரு காலத்துச் செய்திப் பக்கம் மட்டும் எம் மனத்தை இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது. கொரோனாப் பெருந்தொற்றின் பிடியிற் சிக்கிய 2020, 2021ஆம் ஆண்டுகளே அவை. போட்டிகள் நின்றன, மண்டபங்கள் பூட்டப்பட்டன, பரிசளிப்பு விழாக்கள் கைவிடப்பட்டன. இளம் ஆய்வாளருக்கென யேர்மனி முழுவதிலும் நடத்தப்படும் 'யூகன்ட் ஃபோர்ஷ்ட்' போட்டியின் இறுதிச்சுற்று 2020இல் பிரேமன் நகரில் நடைபெறவிருந்தது; அதுவும் நடைபெறவில்லை. பட்டியல் இல்லாமற் போனதால் அவ்வாண்டிற் சாதனையும் இல்லை என நாம் எண்ணிவிட்டோம். அவ்வெண்ணம் பிழையென்றும், அப்பிழைக்கு எமது பிள்ளைகளே விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றனர் என்றும் நாம் கருதுகிறோம்.

யேர்மனிக்கு அகதிகளாக வந்த எம்மவருட் பெருந்தொகையினர் மேற்கே நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்திற் செறிந்து வாழ்கின்றனர். 1990இல் இரு யேர்மனிகளும் ஒன்றிணைந்த பின்னர், தஞ்சம் கோருவோரை மாநிலங்களுக்குப் பங்கிடும் ஒழுங்கின்படி கிழக்கே உள்ள சாக்சனி மாநிலத்திற்கும் ஒரு பங்கு வந்தது. அவ்வழியே டிரெஸ்டன் நகருக்கு வந்த அகதிக் குடும்பங்கள் கோர்பிட்ஸ், புரோலிஸ் முதலிய தொடர்மாடிக் குடியிருப்புகளிற் சிதறி வாழ்கின்றன. மேற்கே உள்ள பிள்ளைக்கு ஒரே வகுப்பில் இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகள் துணையிருக்கக்கூடும். எல்பே ஆற்றங்கரையிலுள்ள இந்நகரில் எமது பிள்ளை பெரும்பாலும் தனித்தே வகுப்பிற்குச் செல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் நேர்ந்ததை விளங்கிக்கொள்ள இத்தனிமையை மனங்கொள்ளுதல் வேண்டும்.

சாக்சனியிற் பாடசாலைகள் முதன்முதலாக 2020 மார்ச் நடுப்பகுதியில் மூடப்பட்டன. ஏப்ரல் 20இல் இறுதிப் பரீட்சை எழுதும் வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டன. மே 18இல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் முழு வகுப்பாகத் திரும்பினர். இடைப்பட்ட வகுப்பினரோ சில நாள் பாடசாலை, சில நாள் வீடு என்று கோடை விடுமுறை வரை அலைந்தனர். இரண்டாம் அலையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. டிசம்பரில் யேர்மனியிலேயே தொற்று மிகக் கடுமையாயிருந்த மாநிலம் சாக்சனி. 2020 டிசம்பர் 14இல் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. ஜனவரியில் இறுதி வகுப்பினரும் பெப்ரவரி நடுப்பகுதியிற் சிறியோரும் அழைக்கப்பட்டனர். ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது மார்ச் நடுப்பகுதியிலேதான்; அதுவும் பாதி பாதியாகவே. மூன்று மாதங்கள் அப்பிள்ளைகள் வகுப்பறையைக் காணவில்லை.

சிறியோருக்கு வீட்டிற் கவனிப்பார் வேண்டும், பெரியோருக்குப் பரீட்சை வேண்டும் என்று அரசு கணக்கிட்டது. அக்கணக்கில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இரு தடவையும் வரிசையின் கடைசியில் நின்றவர்கள் நடுவகுப்புப் பிள்ளைகளே. சாக்சனியில் இன்று ஓபர்சூல என்று அழைக்கப்படும் பாடசாலைக்கு 2013 வரை மிற்றல்சூல, அதாவது நடுநிலைப் பாடசாலை, என்பதே பெயர். பெயர் மாறியது, நடுவில் நிற்போர் மறக்கப்படும் நிலை மாறவில்லை.

இனி, அம்மாதங்களில் எமது வீடுகளில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். 2020 நவம்பர் தொடக்கத்தில் உணவகங்கள் மூடப்பட்டன. அங்கு பணிபுரிந்த எம்மவர் குறுநேர வேலைக்குரிய குறைந்த ஊதியத்துடன் வீட்டில் இருந்தனர். துப்புரவுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் இருந்தோர் நோய்க்கு அஞ்சியபடியே அதிகாலையிற் புறப்பட்டுச் சென்றனர். வீட்டில் எஞ்சியவர்கள் பிள்ளைகள். 'லேர்ன்சக்ஸ்' என்ற இணையத்தளத்திற் பாடங்கள் வந்து குவிந்தன. கணனி இல்லாத வீடுகளில் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தனர்.

அவ்வேளையிற் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை செய்தது என்ன? தம்பிக்கு எழுத்துக் கற்பித்தது. தங்கையின் ஆசிரியைக்கு மின்னஞ்சல் எழுதியது. சுகாதாரத் திணைக்களத்திலிருந்து வந்த தனிமைப்படுத்தற் கடிதத்தை வாசித்துத் தாய்க்குத் தமிழில் விளக்கியது. தந்தையின் குறுநேர வேலைப் படிவத்திற் கையொப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டியது. தடுப்பூசிக்கு நாள் குறித்தது. இவை யாவும் முடிந்த பின் இரவிலே தன் பாடத்தைத் திறந்தது. பல பாடங்கள் திறக்கப்படாமலே கிடந்தன. ஆண்டிறுதி அறிக்கையில் அப்பிள்ளைக்குக் கிடைத்தது நான்கு என்ற புள்ளி. ஒன்று சிறப்பு, ஆறு தோல்வி என்னும் இந்நாட்டு முறையில் நான்கு என்பது மயிரிழையிற் தப்பியதற்கு அடையாளம். நாமும் அதைப் பார்த்து முகஞ்சுளித்தோம். அந்த நான்கினுள் ஒரு குடும்பத்தின் பாரம் அடங்கியிருந்தது என்பதை எம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

எம்மிற் பலர் பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தை வேறு. "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிற் படித்தோம், உனக்கு இங்கே என்ன குறை?" என்றோம். அதிற் பொய்யில்லை. பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் யாழ்ப்பாணத்தை வாட்டிய தொண்ணூறுகளில் ஒரு துளி மண்ணெண்ணெயையும் பஞ்சுத் திரியையும் கொண்டு ஒரு தலைமுறை படித்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியின் மரநிழல்களிலும் வகுப்புகள் நடந்தன. அது எமது பெருமை.

எனினும் இவ்வொப்பீடு நீதியானதன்று. அன்று ஊர் முழுவதும் ஒன்றாக இருளில் இருந்தது. விளங்காத கணக்கை அடுத்த வீட்டு அண்ணாவிடம் கேட்க முடிந்தது. படிப்பித்த ஆசிரியரும் எமது மொழியையே பேசினார். எமது துன்பத்தையே அவரும் அனுபவித்தார். டிரெஸ்டனில் இருந்த பிள்ளைக்கோ விளக்கு இருந்தது, கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. தாய்க்கு டொச் மொழி தெரியாது. தந்தைக்கு அப்பாடம் தெரியாது. நண்பர்கள் திரைக்கு அப்பால் இருந்தனர். டொச் மொழியைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கென உள்ள ஆயத்த வகுப்பிற் சேர்ந்திருந்தோரின் நிலை இன்னும் கடினம். மொழி ஏட்டினால் மட்டும் வருவதன்று. விளையாட்டிடத்திலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் பேசிப் பழகி வருவது. அவ்விடங்கள் அனைத்தும் அன்று மூடப்பட்டிருந்தன.

இது எமது வீடுகளின் குறை மட்டுமன்று. மியூனிக் நகரின் இஃபோ ஆய்வு நிறுவனம் 2020இல் யேர்மனியப் பெற்றோரிடம் விசாரித்தபோது, பாடசாலை தொடர்பான வேலைகளிற் பிள்ளைகள் செலவிட்ட நேரம் நாளொன்றுக்கு 7.4 மணியிலிருந்து 3.6 மணியாகக் குறைந்ததாகத் தெரியவந்தது. பின்னர் 2022இற் 'பீசா' எனும் பன்னாட்டுத் தேர்வு நடந்தது. அதில் யேர்மனிய மாணவரின் கணிதப் புள்ளி 475; 2018இல் அது 500 ஆக இருந்தது. வாசிப்பிலும் விஞ்ஞானத்திலும் அவ்வாறே சரிவு. அத்தேர்வை எழுதியோர் பதினைந்து வயதினர்; தொற்றுத் தொடங்கிய வேளையில் அவர்கள் நடுவகுப்புகளில் இருந்தவர்கள். தாய்மொழியாக டொச் பேசும் பிள்ளைகளையும் உள்ளடக்கிய கணக்கே இது என்பதை மறத்தலாகாது.

தாயகத்திலும் பிள்ளைகள் சோதிக்கப்பட்டனர். இலங்கையிற் பாடசாலைகள் 2020 மார்ச் 13இல் மூடப்பட்டன. 2021இற் பொகிட்டியாவ என்னும் மலைக்கிராமத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் இணையத் தொடர்பு தேடிப் பாறை உச்சிக்கு ஏறிச்சென்ற செய்தி உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இழந்ததை ஈடுசெய்யத் தன்னார்வலர்கள் மாலை வேளைகளிற் கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' 2021 ஒக்டோபரில் தொடங்கப்பட்டது. பிள்ளை பின்தங்கியதைப் பிள்ளையின் குற்றமாகக் கொள்ளாது, அதன் வீட்டு வாசலுக்கே கல்வி செல்லவேண்டும் என்ற அத்திட்டத்தின் அடிப்படை எம்மால் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்நாட்டு அரசும் வாளாவிருக்கவில்லை; ஆயினும் காலந் தாழ்த்தியது. மாணவருக்கு இரவலாகக் கணனி வழங்க 2020இல் 50 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. யொப்சென்ரரில் உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கணனி வாங்க 350 யூரோ வரை வழங்கலாம் என்ற அறிவுறுத்தல் 2021 பெப்ரவரி 1இலேதான் வந்தது. பாடசாலைகள் முதலில் மூடப்பட்டு அப்போது பத்து மாதங்களுக்கு மேலாகிவிட்டது. தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காதோர் வேறொரு சட்டத்தின் கீழ் உதவி பெறுவதால் அவ்வறிவுறுத்தல் அவர்களுக்கு நேரடியாகப் பொருந்தவுமில்லை. உரிமை இருந்தது, அது இருப்பதை எமக்குச் சொல்வார் இருக்கவில்லை. நாமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

முடிந்துபோன கதையை இன்று ஏன் கிளறவேண்டும் எனச் சிலர் கேட்கலாம். கதை முடியவில்லை என்பதே எமது விடை. 2020ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையின் பின் ஓபர்சூலயின் ஐந்தாம் வகுப்பிற் கால்வைத்த பிள்ளை, தடையின்றிக் கற்றால், பத்தாம் வகுப்பு இறுதித் தேர்வை எழுதும் ஆண்டு 2026. டொச், கணிதம், ஆங்கிலம், ஒரு விஞ்ஞான பாடம் ஆகியவற்றில் எழுத்துப் பரீட்சை உண்டு. கணிதத்தின் அத்திவாரக் கற்களை அப்பிள்ளை கைத்தொலைபேசித் திரையிற் பார்த்தே அடுக்கியது. அவற்றில் எது ஆடுகிறது என்று நாம் பார்த்தோமா? அக்காலத்தில் ஆரம்ப வகுப்பில் இருந்தோரும் பின்தொடர்ந்து வருகின்றனர்.

ஆகவே பெற்றோரிடம் நாம் சிலவற்றைத் தாழ்மையுடன் வேண்டுகிறோம். பாடசாலை நடத்தும் பெற்றோர் மாலைக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுங்கள். டொச் தெரியாதெனில் மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். தன் குறையைத் தன் வாயாலேயே பெற்றோருக்கு மொழிபெயர்க்க நேர்ந்த பிள்ளை எதைச் சொல்லும், எதை மறைக்கும் என்பது எமக்குத் தெரியாததன்று. பின்தங்கிய பாடத்திற்கு மேலதிக வகுப்பு வேண்டுமெனில், கல்விக்கும் பங்கேற்புக்குமான உதவித் திட்டத்தின் கீழ் அதன் செலவைக் கோரலாம். யொப்சென்ரரில் உதவி பெறுவோர் மட்டுமன்றி வீட்டு வாடகை உதவி பெறுவோரும், தஞ்சம் கோருவோருக்கான சட்டத்தின் கீழ் உதவி பெறுவோரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் அமைதியான மேசை இல்லாத பிள்ளைக்கு நகரின் மத்தியில் உள்ள குல்ற்றூர்பலாஸ்ற் மாளிகையில் 2017 முதல் இயங்கும் மத்திய நூலகம் இருக்கிறது. 1990 முதல் டிரெஸ்டனில் இயங்கிவரும் வெளிநாட்டவர் மன்றமான 'அவுஸ்லெண்டர்றாற்' போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

எமது இளையோரிடமும் ஒரு வேண்டுகோள். இந்நாட்டிற் கற்றுப் பட்டம் பெற்றோரும், பல்கலைக்கழகத்திற் பயில்வோரும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒரு பிள்ளைக்கு ஒதுக்கினால் அதனினும் சிறந்த பரிசளிப்பு விழா எமக்குத் தேவையில்லை. தொற்றுக் காலம் எமக்குத் தந்த ஒரே நன்மை, தொலைவில் இருந்தும் கற்பிக்கலாம் என்ற பழக்கமே. எசன் நகரில் இருக்கும் அக்கா டிரெஸ்டனில் இருக்கும் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க இன்று தடை ஏதுமில்லை.

சமூகச் செய்திப் பக்கத்திற்குச் செய்தி அனுப்புவோர்க்கும் ஒன்று சொல்வோம். முதலிடம் பெற்ற பிள்ளையின் செய்தியைத் தொடர்ந்து அனுப்புங்கள். அத்துடன், ஐந்து என்ற புள்ளியிலிருந்து மூன்றுக்கு ஏறிய பிள்ளையின் செய்தியையும், ஒரு வகுப்பை மீண்டும் படித்துத் தேறிய பிள்ளையின் செய்தியையும், தொழிற்பயிற்சிக்கு இடம்பிடித்த பிள்ளையின் செய்தியையும் அனுப்புங்கள். அவர்களுடைய பெயரும் அச்சில் வரட்டும். தம் பெயரை அச்சிற் கண்ட பிள்ளை எத்துணை நிமிர்ந்து நடக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இன்றிரவு உணவு மேசையில் உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "பாடசாலை மூடியிருந்த அந்த நாட்களில் உனக்கு எப்படி இருந்தது, பிள்ளை?" என்று கேளுங்கள். விடை வர நேரமெடுக்கலாம். பொறுத்திருந்து முழுவதையும் கேளுங்கள். ஜாம் போத்தல் விளக்கின் கதையை அன்று மட்டும் சொல்லாதிருங்கள்.