வலிப்பு வந்தவுடன் மூளைப் படமா?

ஒன்றரை வயதுக் குழந்தை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இல்லை. திடீரென்று கைகால் வெட்டி இழுத்து, சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. மருத்துவரிடம் ஓடிய பெற்றோர், "உடனே மூளையைப் படம் எடுங்கள்" என்கிறார்கள். மாணவ நண்பர்களே, நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஜப்பானிய மருத்துவர் மொரூக்கா 1982-இல் இத்தகைய வலிப்பைத் தனியே பிரித்துக் காட்டினார். ரோட்டா போன்ற வைரஸ்களால் வருவது. ஓரிரு நாளில் மீண்டும் வரலாம். பிறகு குழந்தை வழக்கம்போல் வளரும். முதலில் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அதில் சர்க்கரையோ சோடியமோ குறைந்தாலும் வலிப்பு வருமல்லவா?

சி.டி. படம் எக்ஸ் கதிரால் எடுக்கப்படுவது. தலைக்கு ஒருமுறை எடுத்தால் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். மண்ணும் வானும் ஓராண்டில் நமக்குத் தரும் கதிர்வீச்சுக்கு ஏறக்குறைய சமம். அஞ்சத்தக்க அளவன்று, ஆனாலும் பிஞ்சு உடலுக்குக் காரணமின்றி ஏன் கொடுக்க வேண்டும்?

காந்த ஒத்ததிர்வுப் படத்தில் இக்கதிர் இல்லை. ஆனால் குழந்தை அசையாமல் கிடக்கப் பெரும்பாலும் மயக்கமருந்து தேவை. இதில் ஒரு விந்தை! நீர் மூலக்கூறுகளின் விரவலை அளந்து படமெடுத்தால், சில குழந்தைகளுக்கு மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலத்தின் பின்முனையில் வெண்திட்டு தெரிகிறது. சில நாளிலோ வாரங்களிலோ தானே மறைந்தும் விடுகிறது. படத்தை மட்டும் பார்த்தவர் எவ்வளவு பயந்திருப்பார்!

நினைவு திரும்பாவிட்டால், ஒரு பக்கக் கைகால் செயலற்றுப் போனால், தலையில் அடிபட்டிருந்தால் கதை வேறு. அப்போது படமெடுக்கத் தாமதிக்கவே கூடாது.