கண் மங்கினால் படுக்காதீர்கள்

மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குக் கண் எரிச்சல் புதிதில்லை. வெள்ளை வெளேரென்று கிடக்கும் பாத்திகளில் வெயிலோடு நின்று உப்பு வாரியவர்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஆனால், சாராயம் குடித்த மறுநாள் கண் மங்கினால் படுக்கக் கூடாது. இதை இந்தக் கடற்கரை முழுக்க வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

2023 மே 13 அன்று மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் குடித்தது உண்மையில் சாராயமே இல்லை, மெத்தனால். பெயின்ட், வார்னிஷ், ரசாயனத் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் திரவம். அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அது புகுந்தது. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆலையிலிருந்து வெளியேறிய மெத்தனால் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபுவே அறிவித்தார்.

மெத்தனால் குடித்தவுடன் கொல்லாது. முதலில் வழக்கமான போதைதான். பிறகு ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கருக்கி, மூச்சைத் திணறடிக்கிறது. வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் தொடங்கப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே வேறு மது குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். உயிரைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் அதுதான். ஃபோமெபிசோல் என்ற முறிவு மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. மோரும் எலுமிச்சைச் சாறும் இதற்கு எடுபடாது.

அந்த அவகாசத்தை அச்சமும் வெட்கமும் தின்றுவிடுகின்றன. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, ஆஸ்பத்திரியில் "வயித்துவலி" என்று மட்டும் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயம் காரணமில்லை என்று மாவட்ட ஆட்சியரே மறுத்தார். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் விற்றவனுக்கான தண்டனை, குடித்தவரின் கண்ணைத் திருப்பித் தராது. ஆலை வாசலைத் தாண்டும் ஒவ்வொரு பேரல் மெத்தனாலும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கணக்குக் கேட்க வேண்டும். குடித்ததைச் சொன்னால் வழக்கு வராது என்று அரசு எழுதி, ஒவ்வொரு குப்பத்து ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் தயங்காதீர்கள். 108க்குப் பேசுங்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சாராயம் குடித்தார் என்று சொல்லுங்கள். எப்போது குடித்தார் என்பதையும் சொல்லுங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்களையும் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றுங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவரையும்தான்.