குற்றம் மென்பொருளில் இல்லை

கட்டற்ற மென்பொருளில் சொந்த ஒலிமாதிரிகளை ஏற்றினால் மிடி (MIDI) தாளம் இயந்திரத்தனமாகத்தான் கேட்கும் என்ற வாதம், ஒற்றை ஒலிக்கோப்பை ஒரு மிடி எண்ணில் மாட்டிவிட்டு மென்பொருளைக் குறை கூறுகிறது. மிடி, அடியின் விசையை 1 முதல் 127 வரை குறிக்கிறது. ஒரே பதிவை அத்தனைக்கும் ஒலியளவு மட்டும் மாற்றி இசைத்தால் எந்த விலையுயர்ந்த கருவியிலும் அதே கதிதான்.

ஹைட்ரஜன் என்ற கட்டற்ற மென்பொருள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் விசைக்கேற்ற ஒலி அடுக்குகளை ஏற்கிறது. ஆனால் அது அடிப்படையில் தாள வரிசைகளைக் கட்டும் கருவி; அடிகள் வேறு மென்பொருளிலிருந்து வந்தால் அதில் பாதி சும்மா கிடக்கும். அங்கே ஸ்ஃபிஸ் என்ற ஒலிமாதிரி மென்பொருள் பொருத்தமானது. அது படிக்கும் எஸ்எஃப்இசட் கோப்பு வெறும் உரை. எந்தத் திருத்தியிலும் எழுதலாம். உதாரணமாக, மிடியில் 42-ஆம் எண்ணின் மூடிய ஹைஹாட் ஒலித்ததும் 46-இன் திறந்த ஹைஹாட் அடங்க வேண்டும். இரண்டையும் வெவ்வேறு குழுக்களில் வைத்து, எது எதை நிறுத்தும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்தடுத்த அடிகளுக்கு மாற்றுப் பதிவுகளைச் சுழற்றவும் அதில் வழியுண்டு.

பல மைக்குகளில் ஒரே நேரத்தில் பதிந்த முழு டிரம் செட் என்றால் ட்ரம்கிஸ்மோ என்ற மென்பொருள்தான். ஒவ்வொரு மைக்கும் தனித் தடமாக வெளிவரும். நான்கு கைத்தட்டல் ஒலிகளுக்காக அதை நிறுவுவது வீண் வேலை.

லினக்ஸ்சாம்ப்ளரும் நல்ல கருவிதான். ஆனால் அதன் உரிமத்தில் வணிகப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு இருப்பதால், அதைக் கட்டற்றது என்று பட்டியலில் சேர்ப்பது சரியல்ல.