விதை அறைக்குப் பழைய ஏ.சி. லாபமா?

சித்திரையில் பறித்த மணிலாவை மார்கழிப் பட்டம் வரை முளைப்புக் கெடாமல் காப்பது சிரமமான வேலை. இடையில் வைகாசி வெயிலும் வரும், ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் வரும். வெயில் விதையின் உயிரைக் குறைக்கும். ஈரம் பூசணத்தையும் வண்டையும் அழைக்கும். விதை கெட்டால் விவசாயி கடன் வாங்கி, கேட்ட விலைக்கு வெளி விதை வாங்க வேண்டியதுதான்.

இதனால் கம்மாபுரம் வட்டாரத்தில் சில விவசாயிகள் சேர்ந்து விதை அறை அமைத்து, அதில் ஏ.சி. வைக்கலாமா என்று யோசிப்பதில் தவறில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய ஏ.சி. மலிவாகக் கிடைக்கும். கடையில் வீட்டு உபயோக ஏ.சி. புதிதாக வாங்கினால் விலை பல மடங்கு. எதை வாங்குவது?

முதலில் ஒரு கணக்கு. பழைய ஒன்றரை டன் ஜன்னல் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய 1.8 யூனிட் இழுக்கும். நட்சத்திரக் குறி அதிகமுள்ள புதிய இன்வெர்ட்டர் ஏ.சி. அதே வேலையைச் சுமார் 1 யூனிட்டில் முடிக்கும். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் 8 யூனிட். எட்டு மாதத்துக்கு, அதாவது 240 நாளுக்கு, 1,920 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 15,360 ரூபாய். மலிவாக வாங்கியதன் லாபம் இரண்டு பருவத்திலேயே கரைந்துவிடும். பம்ப்செட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தில் ஏ.சி. ஓட்டக் கூடாது, தனி இணைப்பு வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு சங்கடம் வாயு. பழைய மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-22 என்ற வாயு இருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் இது உலகெங்கும் படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருகிறது. வளரும் நாடுகள் 2030-க்குள் இதை ஏறக்குறைய முழுவதும் கைவிட வேண்டும். கசிந்தால் மறுபடி நிரப்புவது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகும். தீப்பற்றக் கூடிய வேறு வாயுவை அதில் நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆகவே வாங்குவதென்றால் புதியதே மேல். அதிலும் பெரிதாக வாங்கக் கூடாது. அளவுக்கு மிஞ்சிய ஏ.சி. அறையைச் சட்டென்று குளிர வைத்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை எடுக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, மேல்தளம் வெப்பம் தாங்குமானால், ஒரு டன் போதும். ஓட்டுக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் கீழே தட்டி அடித்து, கதவு இடுக்குகளை அடைக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் அவசியம்.

அமெரிக்காவில் சிறு விவசாயிகள் சாதாரண ஏ.சி.யோடு ‘கூல்பாட்’ என்ற கருவியைப் பொருத்தி, காய்கறிகளுக்கு 4 டிகிரி வரை குளிர வைக்கிறார்கள். விதைக்கு அவ்வளவு தேவையில்லை. 22 முதல் 24 டிகிரி போதும்.

ஆனால் ஏ.சி.க்கு முன்னால் களம் இருக்கிறது. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்; வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அதே பலன். இது விதை விஞ்ஞானி ஹாரிங்டன் சொன்ன கணக்கு. ஆக, ஏ.சி. சம்பாதித்துக் கொடுப்பதில் ஒரு பங்கைச் சரியான காய்ச்சலே இலவசமாகக் கொடுத்துவிடும். மணிலாவை 9 சதவீத ஈரத்துக்கும், நெல்லை 13 சதவீதத்துக்கும் மேல் போகாமல் காய வைப்பது முதல் வேலை. உச்சி வெயிலில் சிமென்ட் களத்தில் மணிலா விதையைக் காய வைக்கக் கூடாது. காயாகவே வைத்து, விதைப்புக்குச் சில நாள் முன்பு உடைப்பது நல்லது.

காற்றுப் புகாத பையில் கட்டி, சட்டத்தின் மேல் அடுக்கினால், கரண்ட் போனாலும் விதை ஈரம் வாங்காது. 2011 டிசம்பர் 30-ல் கடலூர் அருகே தானே புயல் கரை கடந்தபோது மாவட்டத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஏ.சி.யை மட்டும் நம்பினால் அப்படிப்பட்ட நாளில் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். குளிர் அறையிலிருந்து எடுத்த பையை உடனே பிரிக்கவும் கூடாது. வெளி வெப்பத்துக்கு வந்த பிறகே பிரித்தால் விதையில் நீர் கோக்காது.

அதே பருவத்தில் விதைக்கப் போகும் விதைக்கு ஏ.சி. வீண் செலவு. ஆறு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டிய விதை பல விவசாயிகளிடம் சேருமானால் மட்டும் சேர்ந்து யோசிக்கலாம். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மணிலா விதை பற்றி ஆலோசனை கேட்டுவிட்டு இறங்கலாம். எப்படி வைத்திருந்தாலும், விதைப்புக்குப் பத்து நாள் முன்பு ஈரச் சாக்கில் நூறு விதையை முளைக்கப் போட்டு எண்ண வேண்டும். மணிலாவில் எழுபதுக்குக் குறைந்தால் அந்த விதையை நம்பி நிலத்தில் இறங்கக் கூடாது.