விருந்தாளியின் உரிமம்

“ஊரிலே எடுத்த லைசென்சு கையில் இருக்கிறது; போன இடத்தில் ஓட்டிக்கொள்ள வேண்டியதுதானே!” காயல்பட்டினம் முதல் கூத்தாநல்லூர் வரை, பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் நம் வீடுகளில் வெகு சாதாரணமாகப் புழங்கும் பேச்சு இது. சொல்பவர்கள் தீயவர் அல்லர். பெற்றோர், மைத்துனர், முன்னரே போய்ச் சேர்ந்த நண்பர். ஆயினும் நம் இளைஞர்களுக்கு இதைப்போல் கேடு விளைவிக்கும் பேச்சு வேறு அதிகமில்லை என்பது நமது துணிபு.

உரிமம் என்பது யாது? ஒருவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று ஓர் அரசு தன் சாலைகளுக்காக, தன் சட்டத்தின்படி வழங்கும் சான்று. நம் நாட்டில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் தரப்படும் உரிமம் நம் நாட்டுச் சாலைகளுக்கு உரியது. வேறொரு நாடு அதைச் சில காலம் ஏற்றுக்கொள்கிறது என்றால், அது வீட்டுக்காரர் விருந்தாளிக்குக் காட்டும் மரியாதையே. விருந்தாளி அங்கேயே குடியேறிவிட்டால் மரியாதைக் காலம் முடிந்து, அந்த வீட்டின் ஒழுங்கு தொடங்கிவிடுகிறது.

‘இண்டர்நேஷனல் லைசென்சு’ என்று நம்மவர் பெருமையோடு காட்டும் சிறு ஏட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது உலகமெங்கும் செல்லும் தனி உரிமம் அன்று. 1949 இல் ஜெனீவாவில் நாடுகள் செய்துகொண்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் வழிவந்த அனுமதிச் சீட்டு அது. ஊர் உரிமத்தில் உள்ளதைப் பிற மொழிகளில் எடுத்துச் சொல்வதே அதன் வேலை. ஓராண்டில் அது காலாவதியாகிவிடும். ஊர் உரிமம் உடன் இல்லையேல் அதற்கு உயிரில்லை. நம் நாட்டில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பித்துப் பெறவேண்டும். முகவர் எவரோ அச்சடித்துக் கொடுக்கும் வண்ண அட்டையை நம்பிப் பணத்தைக் கொட்டுவோர் ஏமாற்றத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

அமீரகத்தில் வருகை விசாவில் சென்ற இந்தியர் இந்த அனுமதிச் சீட்டைக் காட்டி வாடகைக் கார் ஓட்டலாம். குடியிருப்பு விசா கிடைத்த பிறகோ, அந்நாட்டு உரிமமே வேண்டும். பிரிட்டனுக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் 12 மாதங்கள் மட்டுமே இந்திய உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம். அதன்பின் அந்நாட்டுத் தேர்வில் தேறியாக வேண்டும். இவை மறைபொருள்கள் அல்ல. ஆயினும் விமானச் சீட்டின் விலையை நாலு இடத்தில் விசாரிக்கும் நம் குடும்பங்கள், இதை ஓரிடத்திலும் விசாரிப்பதில்லை.

“பத்தாண்டுகள் ஓட்டியவனுக்கு இன்னுமொரு சோதனையா?” என்று கேட்கிறார்கள். ஆம், சோதனைதான். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். வளைகுடா நாடுகளில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வட்டச் சந்தியை நாம் வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம். அங்கே இடஞ்சுழியாகச் சுற்றுகிறார்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பாயும் நெடுஞ்சாலையில், பத்தாண்டுப் பழக்கம் ஒரு நொடியில் கையைத் தவறான பக்கம் திருப்பிவிடும். அங்கே அந்த அனுபவமே பகையாகலாம். மெய்யாகவே திறமை உள்ளவருக்கு வழி அடைக்கப்படவும் இல்லை. பயிற்சி வகுப்புகள் இன்றி நேரே தேர்வுக்குச் செல்லும் ஒரே ஒரு வாய்ப்பைத் துபாய் 2023 இல் திறந்துவிட்டது. திறமையைப் பேச்சில் காட்டுவோர் அங்கே காட்டட்டுமே!

“ஜெர்மானியனும் பிரெஞ்சுக்காரனும் தேர்வின்றி உரிமத்தை மாற்றிக்கொள்கிறான், நமக்கு மட்டும் ஏன் இந்த அவமதிப்பு?” என்ற கேள்வியும் எழுகிறது. இந்தக் குறையில் நியாயம் அறவே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் நம் ஊரில் உரிமம் எப்படி வாங்கப்படுகிறது என்பதை நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டாமா? பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்கு வரலாம் என்பது விதி. அது பழகுவதற்கான காலம். அந்த நாட்களில் ஸ்டியரிங்கையே தொடாமல், தரகரிடம் தொகையைக் கொடுத்து அட்டையை வீட்டுக்கு வரவழைத்தவர்கள் நம்மில் இல்லையா? உரிமத்தின் மதிப்பு அதன் பின்னே நிற்கும் தேர்வின் மதிப்பேயாகும். 2021 இல் பிரிட்டன் அமீரக உரிமத்தைத் தன் மாற்றுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது; இந்திய உரிமம் அப்பட்டியலில் இல்லை. அயலான் நம் காகிதத்தை மதிக்கவில்லை என்று குமுறுமுன், நாம் அதை மதித்தோமா என்று கேட்டுக்கொள்வது நன்று.

“முதலாளியே ஓட்டச் சொல்கிறார்” என்பது கடைசி வாதம். வீட்டு டிரைவர் வேலைக்குச் செல்லும் எளிய இளைஞனின் வாதம் இது. ஆகவே இதற்குச் சினமின்றி விடை சொல்கிறோம். விபத்து நேர்ந்த அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் யார் என்பதே முதற்கேள்வியாக இருக்கும். சவூதி அரேபியாவில் தவறுதலாக நேரும் விபத்தில் முஸ்லிம் ஆடவர் ஒருவர் இறந்தால், தியத் தொகை 3 லட்சம் ரியால். 2011 இல் ஒரு லட்சத்திலிருந்து இவ்வளவுக்கு உயர்த்தப்பட்டது. செல்லத்தக்க உரிமம் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் சுமையைத் தாங்கும். இல்லையேல், இறந்தவர் வீட்டாருக்குக் கொடுத்ததை ஓட்டியவனிடமும் வண்டிக்கு உரியவரிடமும் திருப்பிக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. மாதம் 1,500 ரியால் ஊதியம் என்று வைத்துக்கொண்டால், 200 மாதங்களின் முழு ஊதியம் அது. உண்ணாமல் உடுக்காமல், ஊருக்கு ஒரு காசு அனுப்பாமல், 16 ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தாலன்றி அந்தக் கடன் தீராது. அதுவரை இங்கே தாயும் மனைவியும் எதைக் கொண்டு அடுப்பு எரிப்பார்கள்?

பணத்தோடும் முடிவதில்லை. தவறுதலாகப் போன உயிருக்கும் தியத்தோடு கஃப்பாராவும் உண்டு என்பதை நம் ஆலிம்கள் அறிவார்கள். போன உயிர், வேலை முடிந்து சாலையைக் கடந்த இன்னொரு தமிழ்த் தொழிலாளியின் உயிராகவும் இருக்கலாம். விசா என்பது ஒரு நாட்டோடு நாம் செய்துகொள்ளும் உடன்படிக்கை. “உங்கள் சட்டத்துக்கு உட்பட்டு நடப்போம்” என்று ஒப்புக்கொண்டு உள்ளே நுழைந்தபின், சோதனைச் சாவடியில் காவலர் இல்லாத நேரம் பார்த்து வண்டி எடுப்பது வாக்குத் தவறுவதன்றி வேறென்ன? சவூதியில் 2018 முதல் பெண்களும் வண்டி ஓட்டுவதால், கணவரோடு குடியேறும் நம் சகோதரிகளுக்கும் இது முற்றும் பொருந்தும்.

ஆகவே, நம் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். உரிமத்தை ஊரிலேயே பழகித் தேர்வெழுதி முறையாக எடுக்கச் செய்யுங்கள். வேலை ஒப்பந்தத்தில், அந்நாட்டு உரிமம் எடுக்கும் செலவு யாருடையது என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உரிமம் கைக்கு வரும்வரை வண்டியைத் தொட மறுக்கும் பிள்ளையை, கோழை என்று ஏசாதீர்கள். முதல் மாதமே பணம் அனுப்பவில்லையே என்று நச்சரிக்கும் வீடுதான், பல நேரங்களில் அவனை உரிமமின்றி வண்டியில் ஏற்றி உட்கார வைக்கிறது. தொலைபேசியில் “பணம் அனுப்பினாயா?” என்று கேட்குமுன், “அந்த ஊர் லைசென்சு எடுத்துவிட்டாயா?” என்று ஒரு முறை கேளுங்கள்.