நம்ம கெப்புக்கு எந்த ஹப்?



மாரி தொடங்க முன்னர் ஒரு விடயத்தைப் பேசி முடிப்போம். ஜமாஅத் கெப்பின் முன் சில்லு ஓட்டோ ஹப் இரண்டும் பழுது. திரும்பவும் ஓட்டோ போடுவதா, கையால் பூட்டும் மெனுவல் போடுவதா என்று ஊருக்குள் இரண்டு கருத்து. நாங்கள் மெனுவல் பக்கம்.

ஹப் என்பது முன் சில்லையும் ஆக்சிலையும் இணைக்கும் பூட்டு. தார் ரோட்டில் அது திறந்திருந்தால் முன் ஆக்சில் சும்மா கிடக்கும். தேய்மானம் குறைவு, டீசலும் கொஞ்சம் மிச்சம். பூட்டினால்தான் சேற்றில் நாலு சில்லுக்கும் இழுவை போகும்.

ஓட்டோ ஹப் வசதிதான். லீவரை ஃபோர் வீலுக்குப் போட்டு வண்டியை நகர்த்தினால் தானாகப் பூட்டும். ஆனால் புதைந்த வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும்போது அந்தப் பூட்டு விட்டு விட்டுப் பிடிக்கும். உள்ளே சேறு போய் கிறீஸ் இறுகினால் பிடிக்காமலே விடும். போன மாரியில் வட்டை ரோட்டில் நடந்தது அதுதான். லீவர் ஃபோர் வீலில், முன் சில்லு அசையவில்லை. காய்ச்சல்கார உம்மா ஒருவரைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, உழவு மெஷின் வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் நின்றோம்.

"மழைக்குள் இறங்கி யார் திருகுவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புதைந்த பிறகு இறங்கத் தேவையில்லை. பள்ளிவாசல் முற்றத்திலேயே இரண்டு பக்கமும் லொக்குக்குத் திருப்பிவிட்டுப் புறப்படலாம். ஹப் பூட்டியபடி டூ வீலில் தார் ரோட்டில் ஓடினால் ஒன்றும் கெடாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓடுவதுதான் கூடாது. ஒரு பக்கத்தை மறந்தாலும் முன் இழுவை கிடைக்காது. ஆகவே இரண்டையும் கையால் தொட்டுப் பார்ப்பதை டிரைவர்மார் பழக்கமாக்க வேண்டும்.

வருடத்தில் ஒரு தடவை ஃபோர் வீல் போடுபவருக்கு ஓட்டோ போதும். நம்ம கெப் நோயாளிக்கும் ஜனாஸாவுக்கும் ஓடுவது. அதற்கு, பூட்டியது நிச்சயம் என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று. எந்த ஹப்பும் வண்டியைத் தோணியாக்காது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு மெஷினையே இழுத்துப்போனது, மத்ரஸாப் பிள்ளைகளை இழந்தோம். ரோட்டைக் கடந்து தண்ணீர் பாய்ந்தால் வண்டியை நிறுத்துவோம்.

வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கூடிப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள்.