எல்லை மூடியது; சந்தை மூடவில்லை

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளம் நிலநடுக்கத்தால் நிலைகுலைந்தது. அடுத்த சில நாட்களில், காத்மாண்டுவில் வாடகைத் தாய்மார்கள் மூலம் பிறந்திருந்த பச்சிளங்குழந்தைகளை இஸ்ரேல் விமானங்கள் ஏற்றிச் சென்றன. குழந்தைகள் காப்பாற்றப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவர்களைச் சுமந்து பெற்ற பெண்கள் இடிபாடுகளுக்கு நடுவே விடப்பட்டனர். அப்பெண்களில் பலர் நேபாளிகள் அல்லர். இந்தியாவிலிருந்து எல்லை கடந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள்.

இந்தியப் பெண்கள் அங்கு சென்றது ஏன்? இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவரில் திருமணமான ஆண்-பெண் தம்பதியர் மட்டுமே வாடகைத் தாய் மூலம் குழந்தை பெறலாம் என்று 2012இல் உள்துறை அமைச்சகம் விசா விதியை மாற்றியது. வாடிக்கையாளரில் ஒரு பகுதியினருக்கு இங்கே கதவு அடைபட்டது. நேபாளமோ, தன் நாட்டுப் பெண்கள் வாடகைத் தாயாவதைத் தடுத்துவிட்டு, வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்தது. முகவர்கள் இரண்டு சட்டங்களையும் மீறாமல் ஒரு வழி கண்டனர்: கருப்பையை மட்டும் எல்லை தாண்டி அனுப்பினர்.

இத்தொழில் தானாக முளைத்ததல்ல. தாராளமயக் கொள்கை மருத்துவத்தை ஏற்றுமதிச் சரக்காக்கிய காலத்தில் குஜராத்தின் ஆனந்த் நகரம் இதன் உலக மையங்களில் ஒன்றாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2005இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு இல்லை. கர்ப்ப காலம் முழுவதும் விடுதியில் தங்க வைக்கப்பட்ட பெண்கள், தங்களால் படிக்க இயலாத ஆங்கில ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டனர். வெளிநாட்டுத் தம்பதியர் செலுத்திய தொகையில் சிறு பகுதியே அவர்கள் கைக்கு வந்தது. 2008இல் ஒரு ஜப்பானியத் தம்பதியர் குழந்தை பிறக்கும் முன்பே மணவிலக்குப் பெற்றனர். அக்குழந்தை எந்த நாட்டின் குடிமகள் என்பதே கேள்வியாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வெளிநாட்டவருக்கு முழுத் தடை வந்தது 2015 நவம்பரில்தான்.

அதே ஆண்டில் தாய்லாந்தும் நேபாளமும் கதவை மூடின. 2016இல் கம்போடியாவும் மூடியது. தடைக்குப் பின்னும் கம்போடியாவில் தொழில் மறைவாக நடந்தது. 2018இல் புனோம்பென்னில் கர்ப்பிணிகளான முப்பதுக்கும் மேற்பட்ட வாடகைத் தாய்மார்கள் கைது செய்யப்பட்டனர். ஆட்கடத்தல் வழக்கு அந்த ஏழைப் பெண்கள் மீதே பாய்ந்தது. பிறக்கும் குழந்தைகளைத் தாங்களே வளர்ப்பதாக உறுதியளித்த பிறகே விடுவிக்கப்பட்டனர். சந்தை அதற்குள் உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் நகர்ந்திருந்தது. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பெற்றோர் வர இயலாமல் கீவ் நகர ஹோட்டல் ஒன்றில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. 2022இல் போர் வந்தபோது, வாடகைத் தாய்மார்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி நிலவறைகளில் பதுங்கினர். உறைநிலையில் வைத்த கருவும், மருத்துவரும், மூலதனமும் நாடு விட்டு நாடு செல்லும். ஒவ்வொரு இடத்திலும் சிக்கிக்கொள்பவள் அந்தப் பெண் மட்டுமே.

இந்தியாவின் வாடகைத் தாய் முறை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. வணிக முறையைத் தடை செய்தது சரியே. கருப்பை வாடகைக்கு விடும் பொருளல்ல. ‘அவள் தன் விருப்பத்தால்தானே செய்கிறாள்’ என்று வாதிடுவோர், கடனுக்கும் பட்டினிக்கும் இடையில் நிற்பவளின் விருப்பம் எத்தகையது என்பதைச் சொல்வதில்லை.

ஆனால் இச்சட்டம் வணிகத்துக்கு மாற்றாக முன்வைப்பது ‘தன்னலமற்ற சேவை’. மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, ஆய்வகத்துக்கு உண்டு, வழக்கறிஞருக்கும் உண்டு. சுமப்பவளுக்கு மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் மட்டுமே. அவள் இழக்கும் கூலிக்குச் சட்டத்தில் இடமில்லை. பணம் பெறாமல் இதற்கு முன்வரும் பெண் எங்கிருந்து வருவாள்? பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளிருந்தே வருவாள். கொழுந்தனை அண்டி வாழும் விதவை அண்ணியால், சொத்தோ வருமானமோ இல்லாத மருமகளால், ‘முடியாது’ என்று சொல்ல இயலுமா? சந்தையின் நிர்ப்பந்தத்தை நீக்கி, ஆணாதிக்கக் குடும்பத்தின் நிர்ப்பந்தத்தை அந்த இடத்தில் வைப்பது விடுதலையாகாது. அவள் கருக்கலைப்பு செய்துகொள்ளக்கூடத் தன் சம்மதம் மட்டும் போதாது, உரிய அதிகாரியின் அனுமதியும் வேண்டும் என்கிறது சட்டம். விதவைக்கும் மணவிலக்குப் பெற்றவளுக்கும் தாயாக வழிவிடும் சட்டம், மணமாகாத பெண்ணையும் ஒருபால் இணையரையும் விலக்கி வைப்பதற்கு, ஆளும் கட்சியின் குடும்பக் கருத்தியலைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

எனவே வணிகத் தடை நீடிக்க வேண்டும். அத்துடன், கர்ப்பத்திலும் பேறுகாலத்துக்குப் பிந்தைய ஓய்விலும் அவள் இழக்கும் ஊதியத்துக்கு ஈடு சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். அவளுடைய தாய்மொழியில், உறவினர் இல்லாத இடத்தில் சம்மதம் கேட்கப்பட வேண்டும். தன் உடல் குறித்த முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். எல்லை கடந்து அழைத்துச் செல்லப்படும் பெண் குற்றவாளியாக அல்ல, பாதுகாக்கப்பட வேண்டியவளாக நடத்தப்பட வேண்டும். தண்டனை முகவருக்கும் மருத்துவமனைக்கும் உரியது.

குழந்தைக்கு ஏங்கும் தம்பதியர் இதில் எதிரிகள் அல்லர். அவர்களைக் கடனாளியாக்குவதும் இதே தனியார் மருத்துவச் சந்தைதான். இந்தியப் பெண்களின் கருவுறாமைக்குப் பிறப்புறுப்புக் காசநோயும், சிகிச்சை பெறாத தொற்றுகளும் முக்கியக் காரணங்களாக உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்க வேண்டிய சிகிச்சை இது. கருவுறாமைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தத்தெடுப்புக்கான நெடுங்காத்திருப்பு குறைய வேண்டும்.

கோரிக்கைகளோடு பணி முடிந்துவிடாது. ‘மலடி’ என்ற சொல் இன்னும் நம் தோழர்களின் வீடுகளிலும் ஒலிக்கிறது. மருமகளைக் காயப்படுத்தும் அச்சொல்தான், அவளுக்காக வேறொரு ஏழைப் பெண்ணைத் தேடும் சந்தைக்கு முதல் வாடிக்கையாளரை அனுப்புகிறது. கிளைக் கூட்டங்களிலும் மாதர் அமைப்புகளிலும் இதை வெளிப்படையாகப் பேசத் தயங்கக் கூடாது. குழந்தை பெறாத பெண்ணின் மதிப்பையும், பிறர் குழந்தையைச் சுமக்கும் பெண்ணின் உரிமையையும் ஒருசேரப் பாதுகாப்பதே உழைக்கும் மக்களின் இயக்கத்துக்கு உரிய நிலைபாடு.